தர்பூசணிக்கு யாருய்யா ஊசி போடுறது?

இந்த வருஷமும் ஆரம்பிச்சாச்சு மக்களே. நெய்வேலியில வெயில் ஏறுதோ இல்லையோ, அந்த ஃபார்வர்டு மட்டும் மாசியிலேயே வந்துடுது. “எச்சரிக்கை! தர்பூசணியில் ஊசி மூலம் சிவப்புச் சாயம்! குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்! பத்து குரூப்புக்கு அனுப்புங்கள்!” கூடவே ஒரு வீடியோ. யாரோ ஒருத்தர் பழத்தைப் பிளக்கிறார், பஞ்சால ஒத்துறார், பஞ்சு சிவக்குது, பின்னணியில பேய்ப்பட மியூசிக். எங்க டவுன்ஷிப்புல ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு குரூப் இருக்கு. ஒரே நாள்ல நாலு பேர்கிட்டேர்ந்து எனக்கு வந்துச்சு.

வாட்ஸப்பில் வருவதை நான் கண்டுக்கிறதில்லை. அதுக்கெல்லாம் பதில் எழுத ஆரம்பிச்சா வேலைக்குப் போக முடியாது. ஆனா நம்ம பதிவுலகத்துலேயே ஒருத்தர் “கலப்படத் தர்பூசணியைக் கண்டுபிடிக்க ஏழு வழிகள்” என்று எழுதுறதும், கீழே வரிசையா “பயனுள்ள பதிவு, பகிர்வுக்கு நன்றி” என்று பின்னூட்டம் விழுறதும் பார்த்தா வயிறு எரியுது. அந்த ஏழுல ஒண்ணு கூட அவர் சொந்தமா செஞ்சு பார்த்தது இல்லை. எழுதுறவங்க நாம. நாமளே இப்படி ஜல்லியடிச்சா எப்படி? அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல நடந்த கதை. 2025 மார்ச் கடைசியில சென்னையில உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருத்தர் கேமரா முன்னாடி நின்னு தர்பூசணியில சாயம் ஏத்துறாங்கன்னு எச்சரிச்சார். எரித்ரோசின் என்று சாயத்துக்குப் பேரும் சொன்னார்கள். டிஷ்யூ பேப்பரை வைத்து ஒத்திப் பாருங்க, சிவப்பு ஒட்டினா கலப்படம்னு ஒரு பாடம். டிவிக்காரங்களுக்குக் கேக்கணுமா? நாள் முழுக்க அதே. சில நாள்லயே சனங்க தர்பூசணி பக்கம் போறதை நிறுத்திட்டாங்க. திண்டிவனம், மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் வாங்க வியாபாரி வரலை, விலை அடிமட்டத்துக்குப் போச்சு, அறுக்காமலே வயல்ல விட்டாங்க. விவசாயிங்க போராட்டத்துல இறங்கின பிறகு, எல்லாப் பழத்தையும் சொல்லலைன்னு விளக்கம் வந்துச்சு. அந்த விளக்கத்தை எத்தனை பேர் ஃபார்வர்டு பண்ணீங்க? கையைத் தூக்குங்க பார்க்கலாம்.

இதுல தேதி முக்கியம். நம்ம வட மாவட்டங்கள்ல மழை ஓய்ந்து மார்கழி, தையில விதை போடுறாங்க. இப்ப போடுற வீரிய ரகம் அறுபது, எழுபது நாள்ல அறுப்புக்கு வந்துடும். அப்ப மாசி, பங்குனிதான் அறுவடை உச்சம். மார்ச் கடைசின்னா ஊரே அறுத்துக்கிட்டிருக்கிற நேரம். தர்பூசணி நெல் மாதிரி மூட்டை கட்டிப் போடுற சரக்கு இல்ல. ஒரு வயல்ல பழமெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் பழுக்கும். வியாபாரி வந்து வயலோட விலை பேசி, ஒரு அறுப்பு, ரெண்டு அறுப்புல லாரி ஏத்திடுவார். அந்த ரெண்டு வாரத்தை விட்டா கொடியில பழம் முத்தி, சதை குழைஞ்சு, மாட்டுக்குத்தான். விதை பாக்கெட், மல்ச்சிங் ஷீட், சொட்டு நீர்க் குழாய், உரம், பலருக்குக் குத்தகைப் பணம், எல்லாம் கடனில் போட்டது. சென்னையில ரெண்டு நிமிஷ வீடியோ எடுத்தவருக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காதுன்னே வச்சுக்குவோம். தெரிஞ்சிருக்க வேணாமா?

சரி, ஊசிக்கு வருவோம். “நெருப்பில்லாம புகையுமா”ன்னு கேக்குறவங்களுக்காக போன மே மாசம் நானே போட்டுப் பார்த்தேன். மெயின் பஜார்ல மூணு பழம். மெடிக்கல்ல பத்து மில்லி சிரிஞ்சு. (எதுக்கு சார்னு கேட்டார். தர்பூசணிக்குன்னு சொன்னா போலீசைக் கூப்பிடுவாரோன்னு பேசாம வந்துட்டேன்.) கலர் மட்டும் பச்சை, ஏன்னா சிவப்புக்குள்ள சிவப்பு எங்க போச்சுன்னு எப்படிப் பார்க்கிறது?

முதல் ஊசி தோல்லயே வளைஞ்சுது. அந்தப் பச்சைத் தோலும் அதுக்குள்ள வெள்ளையும் விரக்கடை கனம், நல்ல உறுதி. ரெண்டாவது ஊசி உள்ள போச்சு. ஆனா அமுக்கினா தண்ணி இறங்க மாட்டேங்குது. கட்டை விரல் வலிக்க அமுக்கி மூணு, நாலு மில்லி இறங்கியிருக்கும், பாதி ஊசியைச் சுத்தித் திரும்ப வெளிய வந்து கையெல்லாம் பச்சை. உடனே அறுத்துப் பார்த்தேன். ஊசி போன தடத்துல நூல் மாதிரி ஒரு பச்சைக் கோடு, நுனியில சின்னதா ஒரு திட்டு. அவ்வளவுதான். சுத்தியிருந்த சிவப்பு அப்படியே இருக்கு. ஏன்னா தர்பூசணிச் சதை ஸ்பாஞ்சு இல்லை. நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல தண்ணிதான், ஆனா அந்தத் தண்ணி கோடிக்கணக்கான செல்லுக்குள்ள தனித்தனியா அடைபட்டு, ஏற்கனவே விம்மிக்கிட்டு இருக்கு. வெளிய இருந்து ஒரு சொட்டு விட்டா அது பழம் முழுக்கப் பரவ அங்க வழியே கிடையாது.

இன்னொரு பழத்துக்கும் ஊசி போட்டு, ஊசி போடாத மூணாவது பழத்தோட சமையலறை மூலையில வச்சேன். ரெண்டாம் நாள் சாயங்காலம் ஊசி போட்ட ஓட்டையைச் சுத்திப் பழுப்பா இளகிப் போச்சு. மூணாம் நாள் நுரை கட்டி, புளிச்ச வாடை, எறும்பு வரிசை. வீட்டுல விழுந்த திட்டு தனி. ஊசி போடாத பழம் அடுத்த வாரம் அறுத்தப்பவும் ஜம்முனு இருந்துச்சு. இப்ப சொல்லுங்க, சித்திரை வெயில்ல ரோட்டோரம் குவிச்சு வச்சு வாரம் முழுக்க விக்கணும்னு நினைக்கிற வியாபாரி, தன் சரக்கைத் தானே மூணு நாள்ல அழுக வைப்பானா?

கணக்கும் போட்டுப் பாருங்க. பத்து டன் லோடு, பழம் நாலு கிலோன்னா ரெண்டாயிரத்து ஐந்நூறு பழம். நான் பார்த்த லட்சணத்துல ஒரு பழம் ஓரளவாவது சிவக்கணும்னா பத்து இடத்துல குத்தணும். இருபத்தஞ்சாயிரம் குத்து! ஆள் கூலி, சிரிஞ்சு, சாயம்... வேலை தெரிஞ்ச நர்சுங்களை பஸ் வச்சுக் கூட்டிட்டு வரணும் போல. இவ்வளவு செலவும் எதுக்கு? பழுத்த பழம் தானா சிவப்பாத்தான் இருக்கு. வடலூர் ரோட்டுல, பண்ருட்டி ரோட்டுல குவிச்சு வச்சிருக்கிற கடைக்காரர் முக்கோணமா ஒரு துண்டு வெட்டி எடுத்துக் காட்டுறாரே, அவர் உள்ள சிவப்பு இருக்கும்னு நம்பித்தான் கத்தியை வைக்கிறார். வெளுத்திருந்தா அந்தப் பழம் அவருக்கு நட்டம். அதைத் தடுக்க அவர் செய்றது தட்டிப் பார்த்து வாங்குறது. ஊசி இல்லை.

அடுத்து அந்த ‘அடையாளங்கள்’. எனக்குக் கோபம் வர்றதே இங்கதான். கண்ணுக்கு முன்னால நடக்கிற செடியோட இயல்பையெல்லாம் எடுத்து ஒவ்வொண்ணுக்கும் குற்றப்பத்திரிகை எழுதி வச்சிருக்காங்க.

பஞ்சுல சிவப்பு ஒட்டுதாம். ஒட்டாம? அறுத்த சதையை அழுத்தி ஒத்தினா செல் உடைஞ்சு சாறு வரும், சாறோட நிறமும் வரும். அந்தச் சிவப்பு லைக்கோப்பீன். தக்காளியில இருக்கிற அதே சரக்கு. நூறு கிராம் தர்பூசணியில சுமார் 4.5 மில்லிகிராம், சமைக்காத தக்காளியில சுமார் 2.6. அதாவது தக்காளியை விட அதிகம். லைக்கோப்பீன் தண்ணியில கரையாது, எண்ணெய்ல கரையும். தக்காளித் தொக்கு வதக்கினா எண்ணெய் சிவந்து மேல மிதக்குதே, அதான். எரித்ரோசின் தண்ணியில கரையிற ரகம். ரெண்டையும் ஆய்வகத்துல பிரிச்சுக் காட்டிடலாம். பஞ்சுக்கு அந்த அறிவு கிடையாது. பீட்ரூட்டை ஒத்திப் பாருங்க, பஞ்சு என்ன வெள்ளையாவா இருக்கும்?

நடுவுல பிளவு இருந்தா மருந்து ஏத்தினதாம். அது நம்ம தேனீ சமாச்சாரம். கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இதை வளர்த்துப் பார்த்தாத்தான் தெரியும்.

குவார்ட்டர்ஸ் பின்பக்கம் ரெண்டு பாத்தியில ரெண்டு வருஷமா தர்பூசணி போடுறேன். நம்ம மண்ணு அதுக்கு லாயக்கு. தண்ணி நிக்காத மணல் கலந்த செம்மண்ணு. கொடி ஓட ஆரம்பிச்சதும் முதல்ல வர்றது பூராவும் ஆண் பூ. புதுசா போடுறவங்க இதைப் பார்த்துட்டு, பூக்குது, காய்க்கலைன்னு புலம்புவாங்க. அவசரப்படக் கூடாது. சில நாள் கழிச்சுத்தான் பெண் பூ தலை காட்டும். ஒரே கொடியிலதான் ரெண்டும். பெண் பூவைக் கண்டுபிடிக்க ஒண்ணும் கஷ்டமில்லை, இதழுக்குக் கீழே கோலிக்குண்டு சைஸுல ஒரு குட்டித் தர்பூசணி மயிரோட உட்கார்ந்திருக்கும். பூ விடிஞ்சதும் விரியும், மத்தியானத்துக்குள்ள கூம்பிடும். மறுநாள் கிடையாது. அந்த ஒரு காலைக்குள்ள தேனீ ஒரு தடவை இல்ல, பல தடவை வந்து போகணும். வரலைன்னா பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழுந்துடும். அரைகுறையா வந்தா ஒரு பக்கம் விதை பிடிச்சு ஒரு பக்கம் பிடிக்காம காய் கோணிக்கும். மகரந்தம் பத்தாத காயில, விதை குறைச்சலாகி, வெளித்தோல் வளர்ற வேகத்துக்கு உள்சதை ஈடு கொடுக்க முடியாம நடுவுல பிளந்துக்கும். இதுதான் உங்க ஏழு வழியில மூணாவது வழி! தேனீ வராத குறைக்கு வியாபாரியைப் புடிச்சு உள்ள போடச் சொல்றீங்க.

அணில் கடிச்சுப் போட்ட பிஞ்சுகளை நான் தூக்கிப் போடாம அறுத்துப் பார்க்கிறது வழக்கம். பூ கூம்பின தேதியை ஒரு ஐஸ் குச்சியில எழுதிப் பக்கத்துல குத்தி வச்சிருப்பேன். ரெண்டு வாரத்துக் காய் உள்ள சுத்த வெள்ளை, விதையும் வெள்ளை. மூணு வாரத்துல மெல்ல ரோஸ் கட்ட ஆரம்பிக்கும். அஞ்சாவது வாரம் பழம் சிவந்து விதை கறுத்துடும். ஒரு துளி சாயம் இல்லாம என் கண்ணு முன்னாடி நடந்தது. ‘விதை வெள்ளையா இருந்தா கலப்படம்’னு எழுதுறீங்களே, அது அரைவேக்காட்டுல அறுத்த பழம், இல்லைன்னா விதையில்லா ரகம். அவ்வளவுதான்.

விதையில்லா ரகம்னதும் அடுத்த பீதி, ‘மரபணுவை மாத்திட்டாங்க’. அதுவும் கிடையாது. சாதாரணத் தர்பூசணிக்கு 22 குரோமோசோம். கொல்சிசின் என்கிற சரக்கை நாத்துல பட வச்சு 44 ஆக்குவாங்க. அந்த 44 செடியோட பெண் பூவையும் 22 செடியோட மகரந்தத்தையும் சேர்த்தா கிடைக்கிற விதைக்கு 33. ஒத்தைப்படை, சமமாப் பிரிய முடியாது, அதனால அந்தச் செடியில விதை முழுசா உருவாகாம வெள்ளைச் சக்கையா நின்னுடும். ஜப்பான்காரர் ஹிதோஷி கிஹாரா 1951லயே இதைப் பத்தி ஆய்வுக் கட்டுரை போட்டுட்டார். நம்ம மாநிலப் பூ செங்காந்தள் இருக்கே, கண்வலிக்கிழங்கு, அதுலயும் இருக்கிறது இதே கொல்சிசின்தான். (உடனே ‘தர்பூசணியில் கண்வலிக்கிழங்கு விஷம்’னு தலைப்பு வச்சுடாதீங்க சாமி. அது தாய்ச்செடி உண்டாக்கும்போது நாத்துல தொட்டு வைக்கிறது. பழத்துல இல்லை.)

தோல்ல ஒரு பக்கம் மஞ்சள் திட்டு இருந்தா கெமிக்கலாம். அட ராமா. அது பழம் மண்ணுல படுத்திருந்த இடம். வெயில் படாத இடத்துல பச்சை எங்கேர்ந்து வரும்? அது நல்லா மஞ்சளா இருந்தா கொடியில முத்தின பழம்னு அர்த்தம். பார்த்து வாங்க வேண்டிய அடையாளத்தைப் பார்த்துப் பயந்து வைக்கிறாங்க சனங்க. கார்பைடு வச்சுப் பழுக்க வைக்கிறாங்கன்னு இன்னொரு கோஷ்டி. மாம்பழத்துக்கு வச்சாங்க, பிடிபட்டாங்க, உண்மை. ஆனா தர்பூசணி கொடியை விட்டு அறுத்த பிறகு பழுக்கிற ஜாதியே இல்லை. முலாம்பழம் பழுக்கும், இது பழுக்காது. கார்பைடு மூட்டைக்குள்ளயே குடித்தனம் வச்சாலும் வெள்ளைக்காய் வெள்ளைக்காய்தான்.

‘எல்லாம் ஹைபிரிட் வந்ததால, அந்தக் காலத்து நாட்டுத் தர்பூசணி எப்படி இருக்கும்’னு ஏங்குறவங்களுக்கு ஒரு தகவல். நீங்க சின்ன வயசுல சாப்பிட்ட அந்தக் குண்டு கரும்பச்சைப் பழம் பெரும்பாலும் ஷுகர் பேபி. 1950களில் அமெரிக்காவுல வெளிவந்த ரகம். தர்பூசணியே ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்தது, துட்டன்காமன் கல்லறையிலேயே விதை கிடைச்சிருக்கு. உண்மையிலேயே நம்ம பக்கத்துப் பழம் வேணும்னா வெள்ளரிப்பழம் சாப்பிடுங்க. பேர்தான் வெள்ளரி. பழுத்தா தானா வெடிச்சு மாவா உதிருமே, அது வெள்ளரிக்காய் முத்தினது இல்லை, முலாம்பழத்தோட பங்காளி. கேரளாவுல கொடுங்கல்லூர்ப் பொட்டு வெள்ளரிக்கு 2023ல புவிசார் குறியீடே வாங்கிட்டாங்க. நாம வெல்லம் போட்டுச் சாப்பிட்டுட்டு மறந்துட்டோம். அதைப் பத்தித் தனிப் பதிவு போடணும், இங்க வேணாம்.

இப்ப சில பேர் கேப்பீங்க. “ஜாக்கிரதையா இருக்கிறதுல என்ன தப்பு? அரசாங்கம் சொன்னா கேட்டுக்க வேண்டியதுதானே?” கேட்டுக்கலாம், ஒழுங்கா சொன்னா. 2024 பிப்ரவரியில பஞ்சு மிட்டாய் விஷயம் ஞாபகம் இருக்கா? முதல்ல பாண்டிச்சேரி, பின்னாடி நம்ம ஊரு. மாதிரி எடுத்தாங்க, ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க, ரோடமின் பி இருக்குன்னு வந்துச்சு, தடை போட்டாங்க. துணிச்சாயத்தைக் குழந்தைக்குக் கொடுக்கிறது அயோக்கியத்தனம், தடை சரி, நானும் கைதட்டினேன். அதே வரிசையில தர்பூசணியை நடத்தியிருந்தா யாருக்கு என்ன ஆட்சேபணை? முதல்ல ஆய்வகம், அப்புறம் கேமரான்னு போகணும். இங்க கேமரா முதல்ல வந்துச்சு. ஊசி போட்ட பழம்னு ஆய்வக அறிக்கையோட ஒண்ணை இன்னிக்கு வரைக்கும் யாரும் என்கிட்ட காட்டலை. பதிவு போட்ட நண்பர்கிட்டயும் கேட்டேன். “நெட்டுல நிறைய இருக்கு”ன்னார்.

எரித்ரோசின் மேல அவ்வளவு பயம்னா அது நிஜமா எங்க இருக்குன்னு பாருங்க. அமெரிக்காவுல 2025 ஜனவரியில அதைச் சாப்பாட்டுல சேர்க்கிற அனுமதியை ரத்து செஞ்சாங்க. நம்ம ஊர்ல குறிப்பிட்ட பண்டங்களுக்கு அளவோட அனுமதி உண்டு. பேக்கரி கேக் மேல கண்ணைப் பறிக்கிற ரோஸ் சிவப்புல குந்தியிருக்கிற ‘செர்ரி’யைப் பாருங்க. பாதி இடத்துல அது செர்ரியே இல்லை, களாக்காயைச் சாயத்துலயும் பாகுலயும் ஊற வச்சது. பிறந்த நாளைக்கு அந்தச் செர்ரிக்குப் பிள்ளைங்க அடிச்சுக்கும், நாம போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்போம். வெயில்ல வெந்து விளைஞ்ச பழத்தை மட்டும் பஞ்சு வச்சு விசாரிப்போம்.

தர்பூசணியால ஆபத்தே கிடையாதுன்னு நான் சொல்ல வரலை. வந்திருக்கு. 1985 ஜூலையில கலிபோர்னியாவுல தர்பூசணி சாப்பிட்டு ஆயிரத்துக்கு மேல பேருக்கு உடம்புக்கு முடியாம போச்சு. காரணம் ஆல்டிகார்ப் என்கிற பூச்சி மருந்து. தர்பூசணிக்கு அனுமதியே இல்லாத மருந்து. அது மண்ணுலேர்ந்து வேர் வழியா ஏறிப் பழத்துக்குள்ள போகிற ரகம். பாருங்க, நிஜமான விஷத்துக்கு ஊசியே தேவைப்படலை! 2011ல சீனாவுல தன்யாங் பக்கம் வயல் வயலா தர்பூசணி வெடிச்சுது. காய் பெருக்க அடிக்கிற வளர்ச்சி ஊக்கியைக் காலம் தப்பி அடிச்சதும், கூடவே பேஞ்ச மழையும்னு சொன்னாங்க. அதே 2011ல அமெரிக்காவுல கொலராடோ பண்ணை ஒண்ணுலேர்ந்து போன முலாம்பழத்துல லிஸ்டீரியா கிருமி. 33 பேர் செத்தாங்க. பழம் கழுவி அடுக்குற கொட்டகையில தேங்கின தண்ணியும், சுத்தம் பண்ண முடியாத மெஷினும் அதுக்குக் காரணம்.

நம்ம ஊர்ல நீங்க கேக்க வேண்டிய கேள்வியெல்லாம் இந்தப் பக்கம் இருக்கு. வயல்ல கடைசி மருந்து அடிச்சு எத்தனை நாள் கழிச்சு அறுத்தாங்க? அதைப் பார்க்கச் சந்தையில மாதிரி எடுத்துச் சோதிக்கிறாங்களா? காலையில பூ விரிஞ்சிருக்கிற நேரத்துல மருந்தடிச்சுத் தேனீயைக் கொல்லாம, சாயங்காலம் அடிங்கன்னு விவசாயிக்கு எடுத்துச் சொல்ல யாராவது வயலுக்குப் போறாங்களா? ரோட்டோரத்துல கீத்துப் போட்டு ஈ மொய்க்க மணிக்கணக்கா வெயில்ல வச்சிருக்கிற தட்டுக்கு என்ன வழி? தர்பூசணி புளிப்பில்லாத பழம். அறுத்த கீத்துல கிருமி வேகமாப் பெருகும். கத்தி கழுவுற பக்கெட்டுத் தண்ணியைப் பார்த்தாலே உங்களுக்குப் புரியும். இதைப் பத்தி ஒரு வீடியோ போடுங்க, நானே பத்து குரூப்புக்கு அனுப்புறேன். ஆனா அதுல திகில் மியூசிக் போட முடியாது, வில்லன் கிடையாது, யாராவது போய் தினமும் வேலை பார்க்கணும். அதனாலதான் ஊசிக்கு மவுசு.

ஊசிக் கதையோட பெரிய கேடே அதுதான். வியாபாரி கையில சிரிஞ்சு இருக்குன்னு எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்கும்போது மருந்து பாட்டில் பக்கம் யாரும் திரும்பலை. செலவு மட்டும் விவசாயி தலையில. ‘ஜாக்கிரதையா இருக்கிறதுல என்ன நட்டம்’னு கேட்டீங்களே, உங்களுக்கு இல்லை. ஒரு கோடைக்கு மாதுளை ஜூஸ் குடிச்சிட்டுப் போயிடுவீங்க. மரக்காணத்துக்காரர் மறுபடி கடன் வாங்கித்தான் அடுத்த மார்கழிக்கு விதை வாங்கணும். அவருக்கு அந்த வீடியோவால வந்த நட்டத்தை யார்கிட்ட போய் கேப்பார்?

பதிவர் நண்பர்களுக்கு ஒரு கோரிக்கை. அந்த ஏழு வழிகளைப் பதிவாப் போட்டவங்க தூக்கிடுங்க, இல்லைன்னா மேலேயே ஒரு வரி சேருங்க. “சொந்தமா சோதிச்சது இல்லை”ன்னு எழுதினாலே போதும். அனானியா வந்து என்னைத் ‘தர்பூசணி வியாபாரி சங்கக் கைக்கூலி’ன்னு திட்டப் போறவங்களுக்கு, திட்டுறதுக்கு முன்னாடி ஒரு சிரிஞ்சு வாங்கிப் போட்டுப் பார்த்துட்டு வாங்க. பச்சைக் கலர் மிச்சம் இருக்கு, தர்றேன் :-)

பி.கு: போன பதிவுல விதை கேட்டவங்களுக்கு. கடை ஹைபிரிட் பழத்து விதையைப் போட்டா முளைக்கும், ஆனா தாய் மாதிரியே காய்க்காது. பெரியகுளம் 1, ஆர்கா மாணிக், ஷுகர் பேபி மாதிரி ரகமா வாங்குங்க. வாங்கித் தின்ன மட்டும்னா, பழம் கனமா இருக்கணும், தரையில படுத்த திட்டு வெள்ளையா இல்லாம வெண்ணெய் மஞ்சள்ல இருக்கணும், தட்டினா கணீர்னு இல்லாம பொத்துனு கேக்கணும். வீட்டுக்குக் கொண்டு போய் அறுக்கிறதுக்கு முன்னாடி தோலை நல்லாக் கழுவுங்க. மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில வைங்க.